இடக்காதில் கேட்ட மேல் சா

செவித்திறன் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கருவியைப் பற்றி நான் ஒன்றும் பேசப்போவதில்லை. இப்போது வருகிற கருவிகள் எனக்கே பாதிதான் புரிகின்றன. எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வதை எப்போது நம்புவது என்பதைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

நம் வேலை சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கும். காது நன்றாகக் கேட்பவர் ஊனமுற்றோர் சான்றிதழுக்காகக் கேட்கவில்லை என்பார். கேட்காதவர் போலீஸ் வேலைக்குத் தேர்வாக வேண்டுமென்று எல்லாம் கேட்கிறது என்பார். கொஞ்ச காலம் அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்தால் போதும், அப்புறம் யார் வாயையும் பார்க்கத் தோன்றாது. பொத்தானை அமுக்கும் விரலையும் தாளில் விழும் கோட்டையும் மட்டும் பார்ப்போம். கோவில்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த காலத்தில் முத்துமாரி என்ற பாடகி வந்தாள். அன்றைக்கு நானும் அப்படித்தான் இருந்தேன்.

கயத்தாறு, கடம்பூர், புதூர் என்று நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் நடக்கும் இன்னிசைக் கச்சேரிகளில் பாடுகிறவள் அவள். புருஷன் கணேசன் கீபோர்டு வாசிப்பான். குழு அவனுடையது. சுவரொட்டிகளில் அவள் முகம் பெரிதாக இருக்கும், பக்கத்தில் அவன் முகம் சிறியதாக இருக்கும். எங்கள் தெருக் கோயிலில் ஒருமுறை பாடியிருக்கிறாள். பாட்டு மேலே போகும் இடத்தில் மற்றப் பாடகிகள் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சமாளிப்பார்கள். இவள் மைக்கை அசைக்காமல் நேராகப் போய் அந்தச் சுரத்தில் நிற்பாள். அவளுக்குக் கூட்டம் வந்ததே அதற்காகத்தான்.

நடந்தது இது. கயத்தாறுக்கு மேற்கே ஓர் ஊரில் பங்குனிக் கொடை. சாமி வரும் நேரத்துக்கு வெடி போட, இரும்புக் குழாய்களில் மருந்து கெட்டித்து வைத்திருந்தார்கள். அவற்றை மேடைக்கு இடப்பக்கம், ஒலிபெருக்கிக்குப் பின்னாலேயே ஊன்றியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே வரிசையாக வெடித்தது. இடக்காதில் அறை விழுந்தது போல் இருந்ததாம். பிறகு அந்தப் பக்கம் முழுக்க அடைத்துப்போய் ‘கீ’ என்று ஒரே சத்தம். ஆனாலும் பாட்டை முடித்தாள். இறங்கி வந்து புருஷனிடம் சொன்னாள். வெடிக்குப் பக்கத்தில் நின்றால் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், விடிந்தால் சரியாகிவிடும் என்றான். கொடைக்காலம். கைநிறையக் கச்சேரி. அவன் வேண்டுமென்று அலட்சியம் செய்ததாக நான் சொல்லமாட்டேன். அவன் காதிலும் அன்று கூவியிருக்கிறது, அவனுக்கு மறுநாள் நின்றுவிட்டது.

அவளுக்கும் அடைப்பு சில நாளில் விலகியது. பேச்சு கேட்டது, போன் கேட்டது. அடுத்த கச்சேரியில் பல்லவி ஒழுங்காகப் போனது. சரணத்தில் மேலே ஏறும்போது கீபோர்டு மாறிக் கேட்டது. ஒரே கட்டையை அவன் இரண்டு கட்டையாகச் சேர்த்து அமுக்குவது போல இருந்தது. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் போய் விழுந்தாள். இறங்கி வந்ததும், ஏன் ஸ்கேலை மாற்றினீர்கள் என்று அவனிடம் கேட்டாள். அந்தப் பாட்டை வருஷக்கணக்காக அதே சுருதியில் வாசிக்கிறவன் அவன். நான் எதையும் மாற்றவில்லை என்றான்.

அடுத்த ஊரில் அவள் பாட்டை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் முன்னால், மைக்கில், “கீபோர்டு தப்பா வருது” என்று சொல்லிவிட்டாள். கூட்டம் சிரித்தது, பிறகு கத்தியது. மேடைக்குப் பின்னால் வைத்து அவன் அவளை அறைந்தான். அன்று பாடியதை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். அதை அவளுக்குப் போட்டுக் காட்டினான். கீபோர்டு சரியாக இருக்கிறது, நீதான் விலகுகிறாய் என்று மற்றவர்களும் சொன்னார்கள். அது உண்மைதான், விலகியது அவள்தான். ஆனால் அந்தப் பதிவும் அவளுக்கு இரண்டாகத்தான் கேட்டது.

ஒரு தனியார் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, சவ்வில் ஓட்டையில்லை, நன்றாக இருக்கிறது என்றார். பிறகு பேயோட்டும் ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். அவளுடைய பேரைப் பொறுக்காதவர்கள் குரலைக் கட்டிவிட்டார்கள் என்று சொல்லி அவர் வேப்பங்குச்சியால் அடித்தார். எங்களிடம் வந்தபோது முழங்கைக்கு மேல் அந்தக் காயம் ஆறாமல் இருந்தது.

எங்களிடம் வந்ததும் காதைச் சரிசெய்வதற்காக அல்ல. மனநல டாக்டரிடம் வரமாட்டேன், எனக்குக் காதில்தான் கோளாறு என்று அவள் அடம்பிடித்திருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியிலேயே காது சரி என்று எழுதிவிட்டால் அடங்கிவிடுவாள் என்று கணேசன் கூட்டி வந்தான். இதை அவனே என்னிடம் வெளியில் நின்று சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். தூங்காதவன் முகம்.

அன்று சான்றிதழ் முகாம் நாள். வராண்டா முழுக்க ஆள். அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தேன். வலக்காது சுத்தமாக இருந்தது. இடக்காதில் கோடு நடுவில் தொடங்கிச் சரிந்தது. மோசமான சரிவு என்று சொல்ல முடியாது. எதிரே நின்று பேசினால் எல்லாம் கேட்கும். இந்த அளவு குறைந்தவர்கள் அது தெரியாமலே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். கருவியை நிறுத்தப்போகும்போது அவள் உள்ளேயிருந்து சொன்னாள்.

“சிஸ்டர், இந்தக் காதுல வேற சத்தம் வைக்கீங்க.”

ரெண்டும் ஒரே சத்தம்தான் என்றேன். அது நாம் எல்லாருக்கும் சொல்லும் பதில். கூவுகிறது, இரைகிறது, மணி அடிக்கிறது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், நாமும் சரி சரி என்போம்.

“இல்ல சிஸ்டர். இந்தப் பக்கம் அரைக்கட்டை ஏறியிருக்கு.”

அவள் சொன்ன விதம்தான் என்னை நிறுத்தியது. வலி சொல்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். இவள் காய்கறிக் கடையில் எடை குறைகிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். வெளியே கதவைத் தட்டுகிறார்கள். எனக்கு அப்போது சங்கீதம் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனால் ஒன்று செய்ய முடியும் என்று பட்டது. நம் கருவியின் ஹெட்போனில், அதான் காது மாட்டியில், சிவப்பு வலக்காதுக்கு, நீலம் இடக்காதுக்கு. கோளாறு கருவியில் இருந்தால் மாட்டியை மாற்றிப் போட்டதும் கோளாறும் கூடவே அந்தப் பக்கம் போகவேண்டும். அவளிடம் சொல்லாமல் மாற்றி மாட்டினேன். அதே சத்தத்தை இரண்டு பக்கமும் கொடுத்தேன். இடக்காதில்தான் ஏறியிருக்கிறது என்றாள். திரும்ப மாற்றினேன். அதே பதில்.

தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் பெயர் வேண்டாம். எனக்கு இந்த வேலையில் என்ன தெரியுமோ அதில் பெரும்பங்கு அவரிடம் நின்று கற்றது. அவர் கோட்டைப் பார்த்துவிட்டு, பேச்சு கேட்கிறது, மனநலப் பிரிவுக்கு எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தார். நான் கையெழுத்துப் போடவேண்டாம் என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. மாட்டியை மாற்றிப் போட்டதை மட்டும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். படிக்கும் காலத்தில் வாசித்தது, கண்ணால் பார்த்ததில்லை என்றார். காதுக்குள் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் இடம் உண்டு. அடிபட்ட காதில் அந்த இடம் நகர்ந்துவிட்டால் ஒரே சுரம் ஒரு பக்கம் அதுவாகவும் மறுபக்கம் வேறாகவும் கேட்கும். பிறகு கணேசனைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போய்க் கீபோர்டை எடுத்துவாருங்கள் என்றார்.

கணேசனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போய் எடுத்து வந்தான். மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டோம். முத்துமாரியின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டினேன். அவள் பின்னால் நின்று, கீபோர்டில் செருகிய இயர்போனில் ஒன்றை மட்டும் அவளுடைய வலக்காதிலோ இடக்காதிலோ நான் வைப்பேன். மற்றக் காதைக் கையால் பொத்துவேன். வாசிப்பது அவள் புருஷன். டாக்டர் அதில் உறுதியாக இருந்தார். வேறு யார் வாசித்தாலும் அவன் நம்பமாட்டான்.

மேல் சா வாசிக்கச் சொன்னோம். வலக்காது. “சா” என்றாள். அதே கட்டை, இடக்காது. “சா இல்ல. ஏறியிருக்கு.” மறுபடி வலது. “சா.” நான் வரிசையில்லாமல் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒருதரமும் தவறவில்லை.

கணேசன் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இயர்போன் வலப்பக்கம் இருக்கும்போது திடீரென்று அடுத்த கறுப்புக் கட்டையை அமுக்கினான்.

“இப்ப நீங்கதான் மாத்துதீங்க” என்றாள்.

நான் இயர்போனை இடக்காதுக்குக் கொண்டுபோனேன். இந்தமுறை அவன் ‘சா’வுக்குக் கீழே இருந்த கட்டையை அமுக்கினான். அது தப்பான சுரம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அப்படி அவன்தான் பிறகு சொன்னான்.

முத்துமாரியின் முகம் தெளிந்தது. “இதான் சா. இப்பதான் சரியா வாசிக்கீங்க.”

அவன் விரலை எடுக்கவில்லை. அந்தத் தப்பான சுரம் இயர்போனுக்குள் கீச்சென்று ஒலித்துக்கொண்டே இருந்தது. அவன் குனிந்து தன் கையையே பார்த்தான். அப்புறம் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். கண்கட்டை நான் அவிழ்த்தேன். என்ன நடந்தது என்று அவளுக்கு டாக்டர் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். கோபமோ சந்தோஷமோ தெரியவில்லை. மனநல டாக்டரிடம் போகவேண்டாமா என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றார்.

டாக்டர் இன்னொன்றும் செய்யச் சொன்னார். அவனைத் திரும்ப உட்காரவைத்து, கட்டை கட்டையாகக் கீழே இறங்கி வாசிக்கச் சொன்னார். கீழே வரவர இரண்டு காதுக்கும் இடையே வித்தியாசம் குறைந்தது. நடுவில் ஓரிடத்தில், “இப்ப ரெண்டும் ஒண்ணு” என்றாள். அதற்குக் கீழே எல்லாம் சரியாக இருந்தது. அவளுடைய பாட்டெல்லாம் அதற்கு மேலே இருந்தது.

இடக்காதில் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டால் பாடலாம்தானே என்று கணேசன் கேட்டான். அவன் குரலில் அன்று முதல்முறையாக ஆசை தெரிந்தது. நானே பஞ்சை உருட்டி அவள் காதில் வைத்தேன். கீபோர்டு ஒன்றாகத்தான் கேட்டது. பாடச் சொன்னான். ஒரு வரி எடுத்தாள், மேலே போகும் இடத்தில் நின்றுவிட்டாள். அவள் தலையை ஆட்டும்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. வெளியிலிருந்து வரும் சத்தத்தைப் பஞ்சு அடைக்கும். நம் சொந்தக் குரல் எலும்பு வழியாக உள்ளுக்குள்ளேயே இரண்டு காதுக்கும் போகிறது. அதை எதை வைத்தும் அடைக்க முடியாது.

மாத்திரை எழுதினார் டாக்டர். அதிகம் எதிர்பார்க்கவேண்டாம் என்றும் சொன்னார். அவர்கள் கிளம்ப எழுந்தார்கள். வாசலில் திரும்பி அவள் கேட்டாள். டாக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“வெடி போட்ட மறுநாளே இங்கன வந்திருந்தா சரியாயிருக்குமா சிஸ்டர்?”

கணேசன் பக்கத்தில் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அதிலும் பொய் அதிகமில்லை. ஆனால் அவள் அத்தனை நாளும் எல்லாரிடமும் கேட்டது ஒன்றுதான், தன் காதில் என்ன நடக்கிறது என்று. அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

“உடனே வந்தவங்கள்ல கொஞ்சப் பேருக்குத் திரும்பியிருக்கு. உனக்குத் திரும்பியிருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு இருந்துது” என்றேன்.

அவள் புருஷன் பக்கம் திரும்பவில்லை. சரி என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவன் பின்னால் போனான்.

மாத்திரை முடிந்ததும் தனியாக ஒருமுறை வந்தாள். கோடு கொஞ்சமும் ஏறவில்லை. அப்புறம் வரவில்லை.

மறுவருஷக் கொடைக்காலம் தொடங்கும்போது கணேசன் வந்தான். காதைக் காட்ட வரவில்லை. என்னைப் பார்க்கத்தான் வந்தான். வேறொரு பெண்ணை வைத்துக் குழு ஓடுகிறது என்றான். முத்துமாரி புதூர் பக்கம் தன் அம்மா ஊருக்குப் போய்விட்டாள். போனில் கூப்பிட்டால் எடுக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். தான் அடித்ததையும் கோடாங்கியையும் அவள் பொறுத்துக்கொண்டுவிட்டாள் என்றும், வெடி போட்ட மறுநாளே கூட்டிவராத இது ஒன்றைத்தான் பொறுக்கவில்லை என்றும் சொன்னான்.

“நீங்க அன்னைக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும் சிஸ்டர். அவ எங்கூடயே இருந்திருப்பா.”

அவன் சொன்னது நடந்திருக்கக்கூடியதுதான். அவன் போன பிறகு டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர், அன்று நீங்கள் பேசாவிட்டால் நான் பேசியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை என்றார். அதன்பின் பலநாள், நோயாளி ஏதாவது கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் வராண்டாவில் வரிசையை மீறிக்கொண்டு ஒரு பெண் கதவைத் தட்டினாள். பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. மெலிந்து, வெயிலில் கறுத்திருந்தாள். குரலைக் கேட்டதும்தான் முத்துமாரி என்று தெரிந்தது. கையில் வேறொரு இளம்பெண்ணைப் பிடித்திருந்தாள். இருவரும் ஒரே தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை பார்க்கிறவர்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் பக்கத்தில் முந்தினநாள் கல்யாண ஊர்வலத்தில் போட்ட வெடி காதோரத்தில் வெடித்திருக்கிறது. ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று அவளுடைய வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அவளும் வேலைக்கு வந்துவிட்டாள்.

“காது கூவுதான்னு கேட்டேன். கூவுதுன்னு சொல்லுதா. கணக்கப்பிள்ளை விடமாட்டேன்னாரு. நான் பஸ்ஸுல ஏத்திக் கூட்டியாந்துட்டேன்” என்றாள் முத்துமாரி.

வெளியே நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அந்தப் பெண்ணைத்தான் முதலில் உட்காரவைத்தேன். அன்றே டாக்டர் மருந்தைத் தொடங்கிவிட்டார்.

ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது நானும் முத்துமாரியும் வெளியே வராண்டாவில் நின்றோம். பாடுகிறாயா என்று கேட்டேன். தாழ்ந்த குரலில் ஏதாவது முனகுவேன், மேலே போகமாட்டேன் என்றாள். கணேசன் வந்து என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அன்று நான் சொன்னது தப்பா என்றும் கேட்டுவிட்டேன். இத்தனை நாளும் யாரிடமாவது கேட்கவேண்டும் என்று இருந்தது.

அவள் ஊசி போடும் அறைப் பக்கம் திரும்பினாள்.

“அது தெரிஞ்சு நான் என்ன செய்ய சிஸ்டர்? எனக்கு ஒண்ணுத்துக்கும் ஆகல. ராத்திரி படுத்தா அதான் ஓடுது.” பிறகு சொன்னாள், “இவளுக்கு ஆகும்லா.”

அந்தப் பெண்ணுக்கு முழுதாகத் திரும்பவில்லை. பாதிக்கு மேல் திரும்பியது. இரைச்சல் நின்றது.

காது கூவுகிறது என்று யார் வந்தாலும் அவர்களை அன்றே பாருங்கள், வரிசையில் நிற்பவர்கள் திட்டினாலும் பரவாயில்லை. முன்னமே வந்திருந்தால் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். நான் சொன்ன பதிலையும் அது என்ன செய்தது என்பதையும் சொல்லிவிட்டேன். திரும்ப அந்த வாசலில் அவள் நின்று கேட்டால் அதையேதான் சொல்வேன். சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.